பெட்டிக்குப் பார்த்த நல்ல நேரம்

கடல்பாலத்தின் நுனியில் நின்று, என் தகரப்பெட்டி ஏறிய கப்பல் நங்கூரம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கப்பலுக்குள் இருந்தது. நான் பாலத்தின்மேல் இருந்தேன். இடுப்பில் இரண்டரை வயது மகள் வள்ளி. என் தலையில் விடிகாலையில் வைத்த கனகாம்பரம் இன்னும் வாடவில்லை. பாலத்துப் பலகைகளிலிருந்து தாரும் கருவாடும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற என் மாமனார் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கடலை நோக்கிக் கும்பிட்டார்.

"அப்பா, முருகா, பொட்டி நல்லபடியா போய்ச் சேரணும்" என்றார்.

மருமகளும் பேத்தியும் போக வழியில்லாமல் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். எங்களை நிறுத்தியவரே அவர்தான்.

போன வாரம் என் கலியாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மாமனாரை இத்தனை இளக்காரமாக எழுதலாமா என்று கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, இதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

நான்கு பக்கம், மூன்று வரி

என் வீட்டுக்காரர் அப்போது ரெயூனியன் தீவில், ஒரு சர்க்கரை ஆலை ஆபீசில் எழுத்தர். பாகூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அந்தத் தீவைப் புர்போன் என்றே சொல்வார்கள். இங்கேயும் அங்கேயும் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். இங்கே பள்ளிக்கூடத்துச் செர்த்திபிக்கா பரீட்சை தேறியவனுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. அந்தப் பரீட்சையை நானும்தான் தேறினேன், அவரைவிட நல்ல மார்க்கு வாங்கி. ஆனால் எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அவர்தான் கிடைத்தார்.

அவர் கப்பலேறும்போது நான் நான்கு மாதம். முதல் வருஷம் மாதாமாதம் நான்கு பக்கத்துக்குக் கடிதம் வந்தது. அலை, மலை, அன்னாசிப்பழம் என்று எல்லாம் இருக்கும். இரண்டாம் வருஷம் அது ஒரு பக்கம் ஆயிற்று. மூன்றாம் வருஷம் மூன்றே வரி. 'நலம். இங்கு மழை அதிகம். அப்பாவுக்கு வணக்கம்.' பிறந்த குழந்தைக்குப் பல் முளைத்ததா என்றுகூட அதில் ஒரு கேள்வி இராது.

அந்தச் சமயத்தில் கரிக்கலாம்பாக்கத்துக்காரர் ஒருவர் தீவிலிருந்து திரும்பி வந்தார். என் மாமனாரிடம் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசினார். கிளம்பும்போது வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, நீ சீக்கிரம் போய்ச் சேரு. அங்க ஆம்பளைங்க ரொம்ப நாளு தனியா இருக்க மாட்டாங்க. அவ்ளோதான் சொல்லுவன்."

எனக்கு அதுவே போதும். அன்றைக்கே கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னும் மூன்று எழுதினேன். நான்காவது கடிதத்தில், ஆலை மேனேஜருக்கே பிரெஞ்சில் எழுதப்போகிறேன் என்று போட்டேன். அடுத்த தபாலில் எனக்கும் வள்ளிக்கும் கப்பல் சீட்டு வந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சமிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

புதன்கிழமைக் கப்பல்

கப்பல் புதன்கிழமை. பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கே போக வேண்டும். புதன்கிழமை வடக்கே சூலம். என் மாமனார் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

நாற்பது காணிக்குச் சொந்தக்காரர். நாற்று நட, கிணற்றுக்குக் கவலை ஏற்றம் கட்ட, தலை சிரைத்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பார். ஒருமுறை வைக்கோல்போரில் நெருப்புப் பிடித்தபோது எமகண்டமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் தண்ணீர்க்குடத்தைத் தொட்டார். போர் எரிந்து போயிற்று. பஞ்சாங்கம் பத்திரமாக இருந்தது.

சூலத்துக்குப் பரிகாரமாக ஜோசியர் சொன்னது பரஸ்தானம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில், கிளம்புகிறவருடைய துண்டையோ குடையையோ போகிற வழியில் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கெட்ட நாளிலும் போகலாம். வைத்த பொருளைப் போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பொருள் திரும்பி வரக்கூடாது.

என் பழைய துண்டு ஒன்றைக் கொடுத்தேன். மாமனார் அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கடலூருக்குப் போறவன் துண்ட வெப்பான். நாம கடல தாண்டுறம். துண்டு போதுமா, ஜோசியரே?"

"போதாதுங்க" என்றார் ஜோசியர். நெல் மூட்டைக்கு எதிரில் உட்கார்ந்து வேறு என்ன சொல்வார்?

ஆகவே என் தகரப்பெட்டியே பரஸ்தானம் என்று முடிவாயிற்று. கூறைப்புடவை, வள்ளியின் பாவாடை சட்டைகள், மாங்காய் ஊறுகாய் ஜாடி, புதுவீட்டில் மாட்டுவதற்காக நானும் வள்ளியும் டவுனில் போய் எடுத்துக்கொண்ட சட்டம் போட்ட படம், எல்லாம் அதில் இருந்தன. மேலாக ஒரு பழுப்பு உறையில் கப்பல் சீட்டு, கலியாணப் பதிவு, பிறப்புப் பதிவு, அம்மை குத்திய சீட்டு.

"சீட்டுங்கள நான் மடியில வெச்சிக்கிறன் மாமா."

"சீட்டு இல்லாத பொட்டி வெறும் துணி மூட்ட. அது போனா நீ போனதா ஆவுமா? இன்னா படிச்ச நீ?"

பெட்டியின் மூடியில் என் வீட்டுக்காரரின் விலாசத்தை வெள்ளைப் பெயின்ட்டில் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலை, பத்து மணிக்குச் சற்று முன்னால், தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மாட்டுவண்டியில் பெட்டி புறப்பட்டது. அரியாங்குப்பத்தில் என் மாமனாரின் தம்பி வீட்டில் அதை இறக்கிவிட்டு வண்டி திரும்பிற்று.

சின்ன மாமனாரின் கெட்டிக்காரத்தனம்

புதன்கிழமை விடிகாலையில் நாங்கள் அரியாங்குப்பம் வந்து இறங்கினோம். சின்ன மாமனார் வாசலில் நின்று வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"பொட்டியா? பொட்டி திங்கக்கெழமையே போயிடுச்சே, அண்ணே!"

"எங்கடா போச்சி?"

"சாயங்கால நல்ல நேரம் முடிய அர மணி இருந்திச்சி. நல்ல நேரத்துல கெளம்புனது நல்ல நேரத்துலயே ஆத்தையும் தாண்டிடட்டும்னு கப்பல் ஏஜெண்டு கெடங்குக்கு அனுப்பிட்டன். விலாசந்தான் கொட்ட எழுத்துல இருக்குதே!"

என் மாமனார் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மூளை இருக்கிறது என்று அப்போது அவர் நினைத்திருக்க வேண்டும்.

கடல்பாலத்தில் சீட்டுப் பார்க்கிற உத்தியோகஸ்தர் நம்மூர்க்காரர்தான், தலையில் மட்டும் வெள்ளைக்காரத் தொப்பி. ஏட்டைப் பார்த்தார். என் பெயர் இருந்தது, வள்ளியின் பெயர் இருந்தது. பெட்டி நேற்றே கப்பலேறிவிட்டது.

"சீட்டு எங்க?"

"பெட்டியில."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். கப்பல் கரையிலிருந்து எட்டத்தில் நின்றது, சாமான்களைப் படகில்தான் கொண்டுபோவார்கள். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. படகு அனுப்பறன். பொட்டி கரைக்கு வந்துடும். சீட்ட எடுத்துக் காட்டிட்டுப் பொட்டியோட நீங்களும் ஏறிடலாம்" என்றார். படகுக்காரர் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம்" என்றார் என் மாமனார்.

"மாமா, இன்னா சொல்றீங்க? சீட்ட மட்டும் எடுத்துக்கிறன். பொட்டி அப்படியே படகுல இருக்கட்டும்."

"பரஸ்தானம் வெச்ச பொருளு கரைக்குத் திரும்புனா போற காரியம் வெளங்காது. அங்க இருக்கிற எம் புள்ளைக்குத்தான் ஆவாது."

உத்தியோகஸ்தர் தொப்பியைக் கழற்றினார். "ஐயா, போவ வேண்டியது பொட்டியா, பொண்ணா? அத சொல்லுங்க மொதல்ல."

"பொட்டி நல்ல நேரத்துல கெளம்பிடுச்சி. இவ அடுத்த கப்பல்ல போவட்டும்."

கூட வந்த ஆண்பிள்ளை வேண்டாம் என்றபின் பெண்பிள்ளை பேச்சைக் கேட்டுப் படகு போகாது. அந்தக் காலம் அப்படி. நான் அவர் காலில் விழுந்தேன். இன்று நினைத்தாலும் அவர்மீது வருகிற எரிச்சலைவிட, அந்தக் காலில் விழுந்த என்மீதுதான் எனக்கு எரிச்சல் அதிகம். படகுக்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் கப்பல் நங்கூரம் எடுத்தது. மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்காக வேண்டிக்கொண்டார்.

வைத்த இடத்தில் இருந்தேன்

திரும்புகிற வழியில் அரியாங்குப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "நீ எறங்கிக்கோ" என்றார். கடல் தாண்டுவதற்காக வாசற்படி இறங்கியவள் மறுபடி அதே வாசலில் ஏறினால் அவர் பிள்ளைக்கு ஆகாதாம். அடுத்த கப்பல் வருகிறவரை சின்ன மாமனார் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆக, பெட்டி போய்விட்டது, அதன் இடத்தில் என்னை வைத்துவிட்டார்கள். பெட்டி இருந்த அதே கூடத்து மூலையில் எனக்கும் வள்ளிக்கும் பாய் போட்டார்கள். மாற்றுப் புடவைகூட இல்லை. கப்பலேறக் கட்டிக்கொண்டு வந்த ஒன்றையே துவைத்துத் துவைத்துக் கட்டினேன். சின்ன மாமனாருக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. தினமும் வள்ளிக்கு முறுக்கு வாங்கி வந்தார். முறுக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவரை நாலு அறை அறையலாம்போல இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்கு அல்ல, மாமனாருக்கு. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, என்னையே படிக்கச் சொன்னார்.

'பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஊறுகாய் ஜாடிகூட உடையவில்லை. ஊறுகாய் நன்றாக இருந்தது. கிரகம் சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே அவசரம் வேண்டாம். அவள் அங்கேயே இருக்கட்டும். ஒன்றிரண்டு வருஷத்தில் நானே வந்து பார்க்கிறேன்.'

"பாத்தியா? பொட்டி பத்தரமா போயிருக்கு!" என்றார் மாமனார்.

நான் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். என் ஊறுகாயைத் தின்றுவிட்டு, நான் வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறான் ஒருவன். கரிக்கலாம்பாக்கத்துக்காரர் வாசலில் சொன்ன சொல் காதில் மணியடித்தது. புதிய சீட்டுகளுக்கு எழுதிப் போடுங்கள் என்று மாமனாரைக் கேட்டேன். "தை பொறக்கட்டும்" என்றார். அப்போது ஆடி மாதம்.

யாரும் வராத நேரம்

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வள்ளியைச் சின்ன மாமியாரிடம் விட்டுவிட்டுப் பாகூருக்குப் போனேன். கடலூர் ரோட்டில் பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கி, மீதியை நடந்தேன். அந்த வழியில் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் ஒருதரம் நுழைந்து, மறுபடி பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் வர வேண்டும். சாவடியில் இருந்த சேவகர் என் கூடையில் வெற்றிலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். வயல் நடுவில் இரண்டு சர்க்காரைத் தாண்ட ஒரு காகிதமும் வேண்டியதில்லை. புருஷனிடம் போக மட்டும் ஓர் உறை நிறைய வேண்டும்.

மேரி என்று நாங்கள் சொல்லும், பிறப்பும் கலியாணமும் பதிகிற கொம்யூன் ஆபீசுக்குச் சரியாக மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகுகாலம். பாகூர்க் கொம்யூனில் அந்த நேரத்தில் எந்த மனிதனும் ஒரு பத்திரத்தைத் தொடமாட்டான், கையெழுத்துப் போடமாட்டான். மற்ற நேரங்களில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். அப்போது அங்கே ஈ எறும்பு இல்லை. எழுத்தர் மட்டும் பேனாக்கத்தியால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இந்த நேரத்துல வந்துக்கிற? ராகுகாலம்மா!"

"அதனாலதான் வந்தன் முசே. கூட்டம் இருக்காது இல்ல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இருவது வருஷமா இந்த ஒன்றர மணி நேரம் நான் சும்மா குந்திக்கினு இருக்கிறன். மொத ஆளு நீதான்." பெரிய பெரிய ஏடுகளைத் தூசு தட்டி எடுத்தார். கலியாணப் பதிவுக்கும் பிறப்புப் பதிவுக்கும் நகல் எழுதினார். மாமனார் கையெழுத்து வேண்டாமா என்று கேட்டேன். "உன் பேரு, உன் புள்ள பேரு. அவரு இன்னாத்துக்கு?" என்றார். முத்திரை விழுந்த சத்தம் அந்த வெறும் கட்டடத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது!

அதன்பிறகு நான் ராகுகாலத்தைத் தேடித் தேடிப் போனேன். வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி, அம்மைச் சீட்டு வாங்க. சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ். ஏட்டில் பெயர் இருந்ததால் சீட்டை அடுத்த கப்பலுக்கு மாற்றி எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மாமனார் செய்யாததை ஐந்து நாளில் செய்து முடித்தேன். எந்த இடத்திலும் எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கவில்லை.

கப்பல் வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு, ராகுகாலம் தொடங்கின கையோடு, வள்ளியைத் தூக்கிக்கொண்டு அரியாங்குப்பத்து வாசலில் இறங்கினேன். தேங்காயும் இல்லை, சூடமும் இல்லை. சின்ன மாமனார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"யம்மா, அண்ணனுக்கு நான் இன்னா சொல்றது?"

"பரஸ்தானம் கெளம்பிடுச்சின்னு சொல்லுங்க."

எங்கள் படம்

கொழும்பில் ஒரு கப்பல் மாறினோம். வாந்தி எடுத்தே பாதிக் கடலைத் தாண்டினேன். வள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு வந்த கஞ்சியையும் சேர்த்துக் குடித்தாள். வருகிறேன் என்று நான் அவருக்கு எழுதவில்லை. தீவில் இறங்கியபோது துறைமுகத்தில் எங்களைத் தேடி யாரும் இல்லை. ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிக்காரனிடம் விலாசத்தைச் சொன்னேன். பெட்டி மூடியில் எழுதியிருந்த அந்த விலாசம் எனக்கு மனப்பாடம்.

ஆலைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட மரவீடு. காய்ச்சுகிற கரும்புப்பாலின் வாடை ஊரெல்லாம் அடித்தது. வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போன வம்சம். முகம் நம் முகம். பேச்சு பிரெஞ்சு.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கை கூப்பினாள். எதற்குக் கும்பிடுகிறாள் என்று புரியாமல் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தேன்.

எதிர்ச்சுவரில் எங்கள் படம் மாட்டியிருந்தது. டவுனில் எடுத்த அதே படம். அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. எனக்கும் வள்ளிக்கும் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது. கீழே என் தகரப்பெட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின்மேல் எரிகிற விளக்கு.

"ம்மா, நானு!" என்று வள்ளி படத்தைக் காட்டிச் சிரித்தாள்.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். காய்ச்சல் என்றாராம் என் வீட்டுக்காரர். ஒரே வாரத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்றாராம். அதனால்தான் பெட்டி மட்டும் தனியாக வந்திருக்கிறது, வீட்டார் அவர்களுடைய சாமான்களை அனுப்பிவிட்டார்கள் என்றாராம். அடுத்த மாதமே இவளைக் கூட்டிவந்து குடி வைத்துவிட்டார். "குழந்தை முகத்தைப் பார்த்துத்தான் தினமும் விளக்கு ஏற்றினேன்" என்றாள்.

இந்தத் தொடரில் நான் திட்டாத ஆள் குறைவு. அவளைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வரவில்லை. பெற்ற தகப்பன் ஒருநாளும் கேட்காத பிள்ளைக்காக, முகம் தெரியாத ஒருத்தி நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறாள். மாமனார் கும்பிட்டபடி பெட்டி மிகவும் நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் படகை மறித்திராவிட்டால், தனியாக வந்த பெட்டி என்று சொல்ல அவர் பிள்ளைக்கு ஒரு கதை கிடைத்திருக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டார். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்த பெண்டாட்டியிடம், முதன்முதலாகப் பார்த்த மகளுக்கு எதிரில், அந்த மகராசன் கேட்ட முதல் கேள்வி இது.

"நீ... அப்பா நேரம் பாத்து அனுப்புனாரா?"

"ராகுகாலத்துல கெளம்புனன்" என்றேன். "செத்தவளுக்கு நேரம் இன்னாத்துக்கு?"

நான் விளக்கை எடுத்துத் தரையில் வைத்தேன். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். படத்தை இறக்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தினேன். அந்தப் பெண் வந்து மறுபக்கத்துப் பிடியைத் தூக்கினாள்.

வாசலைத் தாண்டும்போது வள்ளி என் முந்தானையை இழுத்தாள். மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கையால் காட்டினாள்.

"ம்மா, இது ஆரு?"

"தெரியல பாப்பா" என்றேன். "நம்ம பொட்டிய வெச்சிருந்தவரு."